மணமும் நெடியும்: பைப் புகையிலை பற்றிச் சில குறிப்புகள்

பைப் பிடிக்கிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒன்று மணக்கட்சி. வனிலா, செர்ரி, தேன், விஸ்கி, சாக்லேட் என்று ஏதாவது ஒரு வாசனை ஏற்றிய புகையிலைதான் இவர்களுக்கு வேண்டும். டப்பாவைத் திறந்தால் பேக்கரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கடைக்காரர்கள் இந்த வகையை அரோமேட்டிக் என்பார்கள். இன்னொன்று நெடிக்கட்சி. லட்டாக்கியா, வர்ஜீனியா, பெரீக் என்று இலையின் பெயரைச் சொல்லித்தான் வாங்குவார்கள். "இலை, இலையின் ருசி, அதுக்கு மேல என்ன வேணும்?" என்பது இவர்கள் பேச்சு. முதல் கட்சிக்காரர்கள் இரண்டாம் கட்சியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் நினைப்பதில்லை. இரண்டாம் கட்சிக்காரர்கள் முதல் கட்சியைப் பார்ப்பதோ, டிகிரி காப்பிக்காரர் இன்ஸ்டன்ட் காப்பியைப் பார்க்கிற பார்வை.

நெடிக்கட்சிக்காரர் ஒருவருக்கு என்றைக்காவது வனிலாப் புகையிலை பிடித்துப்போய்விட்டால் சங்கடம்தான். "சும்மா ஒரு மாறுதலுக்கு", "யாரோ கொடுத்தாங்க, வீணாக்க வேண்டாமேன்னு" என்று ஒரு சாக்கு கூடவே வரும். நானும் லட்டாக்கியா ஆள்தான். அந்தச் சாக்குகளை நானும் சொல்லியிருக்கிறேன். ருசி என்பது அவரவர் நாக்கு விஷயம். அதில் வெட்கம் எங்கிருந்து வந்தது? கலப்பில்லாத இலைதான் உயர்ந்தது, மணம் ஏற்றியது மட்டம் என்ற தரவரிசையை யார், எப்போது போட்டார்கள்? இதைத் தேடிப் போனால் கதை நாக்கில் தொடங்கவில்லை. பாதிக்கு மேல் பிரிட்டிஷ் வரி அலுவலகத்தில் போய் நிற்கிறது.

மொக்தெசூமாவின் குழாய்

முதலில் வயது. எது பழையது?

1519 இல் எர்னான் கோர்த்தேஸின் படையோடு மெக்சிகோவுக்குள் போன சிப்பாய்களில் ஒருவர் பெர்னால் தியாஸ். வயதான பிறகு தன் நினைவுகளை எழுதிவைத்தார். 1632 இல்தான் அது புத்தகமாக அச்சானது. ஆஸ்டெக் பேரரசன் மொக்தெசூமா சாப்பிடும் காட்சியை அதில் விரிவாகச் சொல்கிறார். சாப்பாடு முடிந்ததும் வண்ணம் தீட்டி, பொன்பூச்சுப் பூசிய குழாய்களை அரசனிடம் கொண்டுவந்து வைப்பார்கள். அவற்றுக்குள் இருந்தது லிக்விடாம்பர் என்ற மரத்தின் நறும்பிசினும் அதோடு கலந்த புகையிலையும். அரசன் அதில் கொஞ்சம் இழுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான்.

ஐரோப்பியர்கள் பார்த்து எழுதிய பழைய புகைபிடிப்புக் காட்சிகளில் இதுவும் ஒன்று. நம் கணக்கில் இது அப்பட்டமான அரோமேட்டிக். பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பாதிரியார் நஹுவா அறிஞர்களோடு சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஃப்ளோரன்டைன் கோடெக்ஸிலும் சந்தையில் புகைக்குழாய் விற்பவர்கள் வருகிறார்கள். அவர்களும் வாசனைப் பொருட்களைக் கலந்து அடைத்துத்தான் விற்றார்கள்.

வடக்கே போனால் கின்னிகின்னிக். அல்கோன்கியன் மொழிக் குடும்பத்துச் சொல் அது; பொருளே 'கலவை'. பேர்பெர்ரி இலை, ஒருவகை டாக்வுட் மரத்தின் உட்பட்டை, சூமாக் இலை இவற்றைப் புகையிலையோடு கலந்தோ, புகையிலையே இல்லாமலோ பிடித்தார்கள். ஆக, புகையிலையைப் பயிரிடக் கற்றுக்கொண்ட மக்களிடம் 'சுத்த இலை' என்ற கொள்கை ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை. கலப்பது அவர்களுக்கு இயல்பு.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்

இங்கிலாந்துக்குப் புகையிலை வந்த பிறகு அதற்கு எதிராக எழுந்த குரல்களில் பெரியது அரசருடையதே. முதலாம் ஜேம்ஸ் 1604 இல் புகையிலைக்கு எதிராக ஒரு துண்டுநூல் வெளியிட்டார். அதே ஆண்டு, பவுண்டுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதித் தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்ஸாக ஏற்றினார். நாற்பது மடங்கு!

ஜேம்ஸின் வாதங்களில் எனக்குச் சுவையாகப் பட்டது மனைவிமார் பற்றியது. கணவன் புகைபிடித்தால் மனைவிக்கு இரண்டே வழி என்கிறார்: ஒன்று, அவளும் பிடித்துத் தன் வாய் மணத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காலம் முழுக்க அந்த நாற்றத்திலேயே கிடக்க வேண்டும். அரசர் பேச்சில் மிகை உண்டு. ஆனால் அவர் பிடித்த புள்ளி சரியானது. பைப் என்பது பிடிப்பவருக்கு ஒரு ருசி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு வாசனை. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

தமிழில் இந்தச் சிக்கல் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. 'நாற்றம்' என்றால் பழைய தமிழில் நறுமணம். பூவுக்கு நாற்றம் உண்டு. இன்றைக்கு அந்தச் சொல்லைப் பூவுக்குப் போட்டால் அடிக்க வருவார்கள். லட்டாக்கியா பிடிக்கிறவர் பழைய தமிழில் இருக்கிறார், அவர் வீட்டார் புதிய தமிழில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜேம்ஸின் தீர்வையால் புகையிலை ஒழியவில்லை. அவர் பெயரையே தாங்கிய வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம்தான் புகையிலையால் பிழைத்தது. அங்கே உள்ளூரில் விளைந்தது நிக்கோட்டியானா ரஸ்டிகா என்ற காரமான இனம். லண்டனில் அது எடுபடவில்லை. ஜான் ரோல்ஃப் என்பவர் 1612 வாக்கில் ஸ்பானியர்கள் பயிரிட்ட மிருதுவான இனத்தின் விதையைக் கொண்டுவந்து போட்டார். சந்தை திறந்தது. 'இலையின் இயல்பான ருசி' என்று இன்றைக்கு நாம் கொண்டாடுகிற வர்ஜீனியாவே, அந்த மண்ணின் இலையை ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது.

இலை தானாக இனிப்பதில்லை

நெடிக்கட்சியின் மூன்று தெய்வங்களையும் வரிசையாகப் பார்ப்போம்.

லட்டாக்கியா. சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயர். இலையை வெயிலில் உலர்த்தி, பிறகு கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே வாசனை விறகுகளை மெதுவாகப் புகையவிட்டுப் பாடம் செய்வார்கள். சைப்ரஸ் தீவில் இதற்குப் பைன், சைப்ரஸ் மரம், மிர்ட்டில், மாஸ்டிக் போன்றவற்றை எரிப்பார்கள். வாரக்கணக்கில் புகை ஏறி இலை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். நமக்குப் பிடித்த அந்த நெடி, கருவாடும் தோலும் சாம்பிராணியும் கலந்த மாதிரியான அந்த நெடி, இலையுடையது இல்லை, விறகுடையது. திராவகமாக ஊற்றினால் கலப்படம், புகையாக ஏற்றினால் சுத்தமா?

இதில் நம் பக்கத்துக்காரர்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் மெல்லும் புகையிலையைத் தேங்காய் மட்டைப் புகையில் பாடம் செய்வது பழைய வழக்கம். அந்தச் சரக்குக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தையாக இருந்தது. லட்டாக்கியாவின் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

அடுத்து பெரீக். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்ற சின்னப் பகுதியின் சரக்கு. இலையை விஸ்கிப் பீப்பாய்க்குள் அடைத்துத் திருகு ஜாக்கி வைத்து அழுத்துவார்கள். இலை தன் சாற்றிலேயே ஊறிப் புளிக்கும். இடையிடையே வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி அழுத்துவார்கள். ஒரு வருஷத்துக்குக் குறையாது. அந்தப் பகுதிப் பழங்குடிகளிடம் இருந்த முறையைப் பியர் ஷெனே என்ற விவசாயி 1824 வாக்கில் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அத்திப்பழமும் வினிகரும் கலந்தது போன்ற அதன் வாசனை புளிப்பில் பிறந்தது.

மூன்றாவது வர்ஜீனியா. புல் வாசனையும் இனிப்பும் உள்ள மஞ்சள் இலை. இந்த இனிப்பு விதையில் மட்டும் இல்லை, அடுப்பிலும் இருக்கிறது. 1839 இல் வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டத்தில், அபிஷா ஸ்லேட் என்பவரின் தோட்டத்தில் ஸ்டீபன் என்ற இளைஞர் அடிமையாக இருந்தார். புகையிலைக் கொட்டகையில் இரவு தீயைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அசதியில் தூங்கிவிட்டார், விழித்துப் பார்த்தால் தீ அணையும் நிலை. கொல்லுலைக்கு வைத்திருந்த மரக்கரியை அள்ளி வந்து போட்டார். திடீரென ஏறிய சூட்டில் இலைகள் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டன. 'பிரைட் லீஃப்' என்ற வகை பரவியதற்குச் சொல்லப்படும் கதை இது. லாபம் ஸ்லேடுக்குப் போனது. ஸ்டீபனுக்கு வரலாற்றில் மிஞ்சியது, குடும்பப் பெயர் இல்லாத ஒரு பெயர்.

அந்தச் சூடு என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் விஷயம் தெளிவாகும். பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. நிழலில் காற்றாட வாரக்கணக்கில் உலரவிட்டால் அது மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டே தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்துவிடும். சூடேற்றிச் சில நாட்களில் உலர்த்தினால் அதற்கு நேரம் இருக்காது. சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும். வர்ஜீனியா இரண்டாவது ரகம். காற்றில் உலர்த்தும் பர்லி முதல் ரகம். பர்லியில் சர்க்கரை அனேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். அதனால்தான் அதற்கு வெளியிலிருந்து பாகு ஏற்றுகிறார்கள். ஒரு இலையில் சர்க்கரையைத் தங்கவைக்கிறோம், இன்னொன்றில் போனதைத் திருப்பிப் போடுகிறோம். முதலாவதை 'இயற்கை' என்றும் இரண்டாவதை 'செயற்கை' என்றும் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

வரி அலுவலகம் போட்ட தரவரிசை

அப்படியானால் 'சுத்தம்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதன் பெரும் பங்கு பிரிட்டனிலிருந்து. அங்கே அதைப் போட்டவர் ரசிகர் இல்லை, வரி வசூலிப்பவர்.

பிரிட்டனில் புகையிலைக்குத் தீர்வை எடைக்கணக்கில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பவுண்டுக்கு 3 ஷில்லிங்குக்கு மேல். இலையின் விலையைவிடத் தீர்வை பல மடங்கு. இந்த நிலைமையில் ஒரு பவுண்டு இலையில் கால் பவுண்டு வெல்லப்பாகைச் சேர்த்துவிட்டால் அந்தக் கால் பவுண்டுக்குத் தீர்வை இல்லை. விற்பதோ புகையிலை விலையில். சர்க்கரை போட்டவன் ருசிக்காகப் போட்டானா, எடைக்காகப் போட்டானா என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

1840 இல் ஒரு சட்டம் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கலப்படம் கொடிகட்டிப் பறந்தது. இரண்டே வருஷத்தில் அரசு விழித்துக்கொண்டது. 1842 இன் புகையிலைச் சட்டம், தயாரிப்பாளரின் இடத்தில் சர்க்கரை, வெல்லப்பாகு, தேன், சிக்கரி, வறுத்த தானியம், சுண்ணாம்பு, மணல், மரத்தூள், வேறு செடிகளின் இலை எதுவும் இருக்கவே கூடாது என்று நீளமான பட்டியல் போட்டது. தேனும் மணலும் ஒரே பட்டியலில்! மணம் ஏற்றுகிறவனும் மண்ணைக் கலக்கிறவனும் சட்டத்தின் கண்ணில் ஒரே குற்றவாளிகள்.

சட்டம் போட்டால் போதாது, கலப்படத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அதே 1842 இல் லண்டனில் எக்சைஸ் துறைக்கென ஒரு ரசாயனக் கூடம் தொடங்கினார்கள். ஜார்ஜ் பிலிப்ஸ் என்பவர் பொறுப்பேற்றார். பிரிட்டனின் அரசு ரசாயனக் கூடம் என்று பின்னாளில் பேர் பெற்ற நிறுவனத்தின் பிறப்பு இதுதான். உணவு, மருந்து, குடிநீர் என்று அது பின்னால் சோதித்தவை ஏராளம். ஆனால் அது பிறந்தது புகையிலைக்குள் சர்க்கரையைத் தேடுவதற்காக. பிலிப்ஸ் கண்டெடுத்தவற்றில் ருபார்ப் இலை, மாவு, படிகாரம், விளக்குக்கரி எல்லாம் உண்டு. விஷமான காரீய குரோமேட்கூட. சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சட்டத்துக்கு நியாயமும் இருந்தது.

இதன் விளைவு ரசனையில் தெரிந்தது. பாகும் தேனும் இல்லாமல் ஒரு தயாரிப்பாளர் தன் சரக்கைப் பக்கத்துக் கடைச் சரக்கிலிருந்து எப்படி வேறுபடுத்திக் காட்டுவார்? இலையை வைத்துத்தான். வர்ஜீனியாவை ஆவியில் வேகவைத்துக் கறுப்பாக்கலாம், அழுத்திக் கட்டியாக்கலாம், லட்டாக்கியாவையும் துருக்கி, கிரேக்கப் பகுதிகளின் வாசனை இலைகளையும் மசாலா மாதிரி சேர்க்கலாம். இவை எல்லாமே இலை. தீர்வை கட்டிய இலை. எக்சைஸ்காரர் வாயைத் திறக்க முடியாது. கிழக்கு மத்தியதரைக் கடல் வணிகம் பிரிட்டிஷ் கையில் இருந்ததும் இதற்குத் தோதாக அமைந்தது. 'இங்கிலிஷ் மிக்ஸ்சர்' என்று இன்றைக்கு உலகம் முழுக்க லட்டாக்கியாக் கலவைக்கு இருக்கும் பெயர் இப்படி நிலைத்தது. தேவைக்காகப் பழகிய ருசி, இரண்டு தலைமுறை கழிந்ததும் கனவான்களின் ருசியாகிவிட்டது.

இனிப்புக்கு ஆசைப்பட்ட பிரிட்டன்காரர்களும் இல்லாமல் இல்லை. 1863 இல் இன்னொரு சட்டம் வந்து, இனிப்பூட்டிய காவெண்டிஷ் வகையை அரசின் பூட்டுக்குள் இருக்கும் தீர்வைக் கிடங்கிலேயே வைத்துத் தயாரிக்க அனுமதித்தது. எடையை அதிகாரி பார்த்துக்கொள்வார், நீ பாகு ஊற்றிக்கொள் என்கிற ஏற்பாடு. எக்சைஸுக்குப் பாகின் மேல் கோபம் இல்லை, எடையின் மேல்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வட இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஏரிப்பகுதி ஊரின் கதை இன்னும் வேடிக்கை. 1792 இல் தாமஸ் ஹாரிசன் என்பவர் ஸ்காட்லாந்திலிருந்து மூக்குப்பொடி செய்யும் வித்தையைக் கற்றுவந்து அங்கே தொழில் தொடங்கினார். பிறகு அது காவித் குடும்பத்தின் கைக்குப் போனது. மூக்குப்பொடி மரபில் பூ எண்ணெய்கள் சகஜம். அந்த வாசனை பைப் புகையிலைக்கும் தாவியது: ரோஜா, ஜெரேனியம், பாதாம், டோங்கா கொட்டை. சில துளி வாசனை எண்ணெயால் எடை கூடாது, எக்சைஸுக்கு நஷ்டமும் இல்லை. எனவே 'சுத்த இலை' நாடான பிரிட்டனின் நடுவிலேயே, உலகத்தின் மிகக் கடுமையான வாசனைப் புகையிலைகள் தயாராகிக்கொண்டிருந்தன. பழக்கமில்லாதவர்கள் அதை முகர்ந்துவிட்டு "சோப்பு மாதிரி இருக்கு" என்பார்கள். ஆனால் கெண்டல் சரக்கை மட்டம் என்று நெடிக்கட்சியில் அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. வாசனை பழையதாக இருந்தால் மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது.

தடையில்லாத ஊர்கள்

அமெரிக்காவில் இந்தத் தொல்லை இல்லை. 1864 இல் ஒஹாயோ மாநிலத்தின் பிரௌன் கவுன்டியில் வெள்ளை பர்லி என்ற வகை வந்தது. பஞ்சு மாதிரி இலை. எவ்வளவு பாகு ஊற்றினாலும் குடித்துக்கொள்ளும். 1907 இல் ஆர். ஜே. ரெய்னால்ட்ஸ் நிறுவனம் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற பர்லிக் கலவையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; அதன் சிவப்பு டப்பா அமெரிக்க வீடுகளில் ஒரு சாமானாகவே ஆகிவிட்டது. பின்னால் டென்மார்க், ஹாலந்து சரக்குகளும் சேர்ந்துகொண்டன. டென்மார்க்கின் மேக் பேரன், சுவீடனின் போர்க்கம் ரிஃப் போன்ற பெயர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவின. புகைபிடித்தலையும் புற்றுநோயையும் இணைத்துப் பேசிய அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை 1964 ஜனவரியில் வெளியானதும் சிகரெட்டை விட்டவர்கள் கொஞ்சப் பேர் பைப்புக்குத் தாவினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மிருதுவான, இனிப்பான, வீட்டில் பிடித்தாலும் திட்டு வாங்காத சரக்கு தேவைப்பட்டது.

'வீட்டில் திட்டு வாங்காத' என்பதுதான் இங்கே முக்கியம். ஜேம்ஸ் அரசர் சொன்ன அந்த மனைவிக்கு ஒருவழியாக ஒரு பதில் கிடைத்தது. புகையிலை விற்பவர்கள் டப்பா வாசனை, அறை வாசனை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். அறை வாசனை என்பது பிடிப்பவருக்காக இல்லை, மற்றவர்களுக்காக. அரோமேட்டிக் என்பது ஒருவகையில் சமாதான உடன்படிக்கை.

அதற்கு முந்தைய தலைமுறையில் அந்தச் சமாதானம் கிடையாது. ஜே. எம். பேரி 1890 இல் எழுதிய 'மை லேடி நிக்கோட்டின்' நூலில், கதை சொல்பவர் கல்யாணத்துக்காகத் தன் ஆர்க்கேடியா மிக்ஸ்சரை விட்டுவிடுகிறார். கடைசியில், வீடு உறங்கிய பிறகு காலிப் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பைப்பைத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வேடிக்கைக்காக எழுதியதுதான், படித்தால் பாவமாக இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில், கல்யாணமான வாட்சன் இன்னும் அதே ஆர்க்கேடியா மிக்ஸ்சரைத்தான் பிடிக்கிறார் என்பதை ஹோம்ஸ் அவர் கோட்டில் விழுந்த சாம்பலிலிருந்து கண்டுபிடிக்கிறார். வாட்சன் வீட்டில் என்ன நடந்ததோ, டாயில் அதை எழுதவில்லை. சாம்பல் என்றதும் நம் ஊர் ஞாபகம் வரும்: 1887 இல் வந்த முதல் ஹோம்ஸ் கதையிலேயே கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டுடையது. அந்தச் சுருட்டுக்கு இலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனது.

நம்மவர்கள் வாசனை விஷயத்தில் கட்சி கட்டியதாகத் தெரியவில்லை. வெற்றிலையோடு சிலருக்கு வெறும் புகையிலை, சிலருக்குப் பன்னீர்ப் புகையிலை. இரண்டும் ஒரே கடையில் தொங்கும். புகையிலையைத் தூது விட்டுப் பிரபந்தம் பாடியவரின் பெயர் சீனிச்சர்க்கரைப் புலவர். பெயரிலேயே பாகு ஊற்றிய மனிதர்.

நாக்கும் மூக்கும்

நெடிக்கட்சிக்காரருக்கு அரோமேட்டிக் ஏமாற்றமாகப் படுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அது தொழில்நுட்பம். வாசனை இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதலில் பாகு: சர்க்கரை, அதிமதுரம், கோக்கோ போன்றவை இலைக்குள் இறங்கும்படி ஊறவைப்பது. கடைசியில் மேல்தெளிப்பு: சாராயத்தில் கரைத்த வாசனையை இலைமேல் தெளிப்பது. மேல்தெளிப்பு லேசில் ஆவியாகிற சரக்கு. தீ வருவதற்கு முன்னாலேயே சூட்டில் கிளம்பி அறைக்குள் போய்விடும். பக்கத்தில் இருப்பவருக்கு வனிலா. பிடிக்கிறவர் நாக்கில் வெறும் இனிப்பும் சூடும். டப்பா சொன்னதை நாக்கில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, ஈரம். காய்ந்துபோகாமல் இருக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். ஈரமான புகையிலை அடிக்கடி அணையும்; அணைகிறதே என்று வேகமாக இழுத்தால் ஆவி நாக்கைச் சுடும். லட்டாக்கியா இழுக்கிற வேகத்தில் இதை இழுத்தால் கதை முடிந்தது. ஒரு மணி நேரம் காகிதத்தில் பரப்பி ஆறவைத்து, அணைந்தால் அணையட்டும் என்று மெதுவாக இழுத்தால், இனிப்புக்கு அடியில் பர்லியின் கடலைப் பருப்பு ருசி தலைகாட்டும். எனக்குப் பிடித்துப்போனது அந்த இடம்தான். வனிலாவைவிட, வனிலா ஒதுங்கிய பிறகு தெரிகிற இலை.

இன்னொரு நடைமுறைத் தகவல்: பிரையர் மரப் பைப் வாசனையைக் குடித்துக்கொள்ளும். இன்றைக்கு செர்ரி பிடித்தால் அடுத்த வாரத்து லட்டாக்கியாவிலும் செர்ரி வரும். அதற்காகத்தான் பலர் அரோமேட்டிக்குக்கு என்று தனியாக ஒரு சோளக்கதிர்ப் பைப் வைத்திருப்பார்கள். மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் செய்கிறார்கள். விலையும் குறைவு.

வாசனையை நம்பலாமா?

இவ்வளவு வக்காலத்து வாங்கிய பிறகு மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. மணம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் புகையிலை புகையிலைதான். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் வனிலாவுக்கும் லட்டாக்கியாவுக்கும் வித்தியாசம் கிடையாது. மணம் செய்கிற கெடுதல் வேறு ஒன்று: அது எச்சரிக்கையை மறைக்கிறது. கமறல்தான் உடம்பு சொல்லும் முதல் "வேண்டாம்". பாகு அந்தக் குரலைத் தணித்துவிடும். பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கும் அது கேக் வாசனையாகத்தான் போய்ச் சேரும். ஜேம்ஸ் அரசர் காலத்து மனைவி நாற்றம் தாங்காமல் எழுந்து போயிருப்பாள்; வனிலா என்றால் அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த உடன்படிக்கையின் விலை இது.

கெண்டல் மரபின் டோங்கா கொட்டையும் ஒரு பாடம். அதன் மணத்துக்குக் காரணம் கூமரின் என்ற பொருள். ஈரலுக்கு ஆகாது என்பதால் அமெரிக்காவில் 1954 இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள்.

சட்டம் மறுபடியும் வாசனையைத் தேடி வந்திருக்கிறது. 2009 இல் அமெரிக்கா மென்தால் தவிர்த்த வாசனைச் சிகரெட்டுகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டு உத்தரவு சிகரெட்டிலும் சுருட்டிப் பிடிக்கும் புகையிலையிலும் தனித்துத் தெரியும் வாசனையை விலக்கியது. மென்தாலுக்கு 2020 மே வரை தவணை. இளைஞர்களை இழுக்கிறது என்பது காரணம். பைப் புகையிலையை இரண்டு சட்டமும் அப்போது விட்டுவிட்டன. 1842 இல் சர்க்கரையைத் துரத்தியது கஜானாவுக்காக. இப்போது துரத்துவது பிள்ளைகளுக்காக. இரண்டாவது காரணம் எனக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது. முதல் காரணத்தை ரசனை என்று நினைத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை.

ஆகவே, எப்போதும் லட்டாக்கியா பிடிக்கிறவருக்கு ஒரு நாள் வனிலா பிடித்துப்போனால் சாக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வெட்கம் எடைக்கல்லை வைத்துக்கொண்டு நின்ற எக்சைஸ்காரருடையது, நம்முடையது இல்லை. யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இதுல என்ன கலந்திருக்கு?" என்று கேட்டால், நல்ல கேள்விதான், பதில் சொல்லிவிடலாம். சொல்லி முடித்ததும், "உங்களோடதை எந்த விறகுல புகை போட்டாங்க?" என்று திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். பேச்சு அங்கிருந்து நன்றாகவே போகும்.